வேப்பங்கொட்டை பொறுக்க ஒரு மரம் போதாது

நடுவதற்கு வேப்பங்கொட்டை பொறுக்குகிறீர்களா? ஒரே மரத்தடியில் சாக்கை நிரப்பாமல், நூறு மீட்டர் இடைவெளி விட்டுப் பத்துப் பதினைந்து மரங்களில் எடுத்துக் கலந்து விதையுங்கள். அதில் பாதியாவது குமரி மாவட்டத்தின் ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கத்தில் வறட்சிக்குப் பழகிய காய்ந்த நிலத்து மரங்களாக இருக்கட்டும்.

அடுத்தடுத்து நிற்கும் மரங்கள் பெரும்பாலும் ஒரே தாய்மரத்துப் பிள்ளைகள். ஒன்று தாங்காத வறட்சியை மற்றதும் தாங்காமல் போகலாம். பல மரத்து விதை கலந்தால், மழை பொய்க்கும் வருடத்தில் சில கன்றுகளாவது பிழைக்க வாய்ப்பு அதிகம். சதையைக் கழுவி நிழலில் உலர்த்தி, இரண்டு வாரத்துக்குள் விதைத்துவிடுங்கள். வேப்பங்கொட்டை சீக்கிரம் செத்துவிடும், அடுத்த வருடத்துக்கு எடுத்து வைப்பது வீண்.

அதே மாவட்டத்துப் பேச்சிப்பாறை போன்ற ஈர மலையோரத்தில் அயனி (பலா இனத்து மரம்) நடுவதற்கு இந்தக் காய்ந்த நிலக் கணக்கு ஒத்துவராது. அங்கே அந்தப் பகுதி மரத்து விதைதான் சரி.