மெடிக்கெயாரின் ஆண்டு மாற்றக் கடிதத்தை வாசிப்பது எப்படி: பாதி வருடம் திருகோணமலையில் இருக்கும் பெற்றோருக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும்

பங்குனியில் கோணேசர் திருவிழாவுக்கு ஊருக்கு வந்து, மழை தொடங்கும் வரை உவர்மலையிலோ சாம்பல்தீவிலோ தங்கிவிட்டு, பிறகு அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளிடம் திரும்பிப் போகும் பெற்றோருக்கு ஒரு வில்லங்கம் உண்டு. அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்புறுதியான மெடிக்கெயாரில், அடுத்த வருடம் தங்கள் திட்டத்தில் என்ன மாறுகிறது என்று சொல்லும் கடிதம் செப்டெம்பர் 30க்குள் அமெரிக்க வீட்டுக்குத்தான் போகும். மகன் அதை விளம்பரக் கடிதங்களோடு சேர்த்து மேசையில் போட்டுவிடுவார். ஒக்டோபர் 15 முதல் டிசெம்பர் 7 வரையான மாற்றும் காலம் கடந்துபோகும். ஜனவரியில் அதே குளிசைக்குப் பார்மசியில் இரண்டு மடங்கு காசு கேட்பார்கள். திட்டத்தின் பெயர் மாறாவிட்டாலும் உள்ளே இருப்பது ஒவ்வொரு ஜனவரி 1ஆம் திகதியும் மாறலாம். அதனால் "போன வருடம் நல்லாத்தானே இருந்தது" என்பது எதற்கும் உத்தரவாதம் இல்லை.

முதலில் அப்பா அம்மாவிடம் எந்த வகை இருக்கிறது என்று தெரிய வேண்டும். பல வீடுகளில் பிள்ளைகளுக்கே இது தெரியாது. பேர்ஸைத் திறந்து அட்டைகளைப் பாருங்கள். சிவப்பு, வெள்ளை, நீல நிறக் கடதாசி அட்டை எல்லோரிடமும் இருக்கும். அதை வைத்தியரிடமும் வேறொரு நிறுவனத்தின் மருந்து அட்டையைப் பார்மசியிலும் காட்டுகிறார்கள் என்றால், அது அரசின் அசல் மெடிக்கெயாரும் தனியான பார்ட் டி மருந்துத் திட்டமும். மிச்சச் செலவைத் தாங்க மெடிகப் என்ற மூன்றாவது அட்டையும் இருக்கலாம். இரண்டு இடத்திலும் ஒரே நிறுவனத்தின் அட்டையைக் காட்டுகிறார்கள் என்றால், பெரும்பாலும் அது தனியார் நிறுவனம் வழியாக எல்லாம் ஒன்றாகக் கிடைக்கும் மெடிக்கெயார் அட்வாண்டேஜ். ஆண்டு மாற்றக் கடிதம் பார்ட் டி, அட்வாண்டேஜ் இரண்டுக்கும் வரும். மெடிகப்புக்கு வராது.

அரசு நிர்ணயிக்கும் தொகைகள் வேறு, திட்டம் நிர்ணயிப்பவை வேறு. வைத்தியரைப் பார்ப்பது, வெளிநோயாளர் சிகிச்சை போன்றவற்றுக்கான பகுதிதான் பார்ட் பி. 2025இல் மாதம் 185 டொலராக இருந்த அதன் கட்டணம் 2026இல் 202.90 டொலர். வருடத் தொடக்கத்தில் நாமே கட்டித் தீர்க்க வேண்டிய பார்ட் பி முற்கழிவு 257இலிருந்து 283 ஆனது. வைத்தியசாலையில் தங்கினால் வரும் பார்ட் ஏ முற்கழிவு 1,676இலிருந்து 1,736 ஆனது. பார்ட் பியின் புதிய தொகை வழக்கமாக ஒக்டோபர், நவம்பரில்தான் அறிவிக்கப்படும். செப்டெம்பர்க் கடிதத்தில் அதைத் தேட வேண்டாம். கடிதத்தில் "கட்டணம் 0 டொலர்" என்று இருந்தால் அது திட்டத்தின் கட்டணம் மட்டும்தான், பார்ட் பி அதற்கு மேலே.

கடிதத்தை எடுத்தால் முன்பக்கத்துச் சுருக்க அட்டவணையைப் பாருங்கள். இந்த வருடம், அடுத்த வருடம் என்று இரண்டு நிரல் இருக்கும். மாதக் கட்டணம், முற்கழிவு, வைத்தியரைப் பார்க்கும் கட்டணம், வைத்தியசாலைக் கட்டணம், வருடத்துக்கு நம் கையிலிருந்து போகக்கூடிய உச்சத்தொகை எல்லாம் அங்கே நிற்கும். அட்வாண்டேஜ் திட்டங்கள் நெட்வேர்க்குக்குள் (திட்டத்தோடு ஒப்பந்தம் உள்ள வைத்தியர்கள், வைத்தியசாலைகளுக்குள்) வைக்கக்கூடிய உச்சம் 2026இல் 9,250 டொலர். பல திட்டங்கள் அதைவிடக் குறைவாக வைக்கும். பல் வைத்தியம், மூக்குக்கண்ணாடி, உடற்பயிற்சி நிலையம் என்று படத்தோடு வரும் சலுகைகளில் மயங்க வேண்டாம். ஒரு தடவை வைத்தியசாலையில் படுத்தால் இந்த உச்சத்தொகைதான் பேசும்.

மருந்துப் பகுதிதான் அதிகம் கவிழ்க்கும் இடம். கடிதத்தில் மருந்துப் பட்டியல் முழுதாக இருக்காது. "புதிய பட்டியலை இணையத்தில் பாருங்கள்" என்று ஒரு வரிதான் இருக்கும், அது ஒக்டோபர் 15க்குள் அங்கே வந்துவிடும். அதில் ஒவ்வொரு குளிசையாகத் தேடி மூன்று விடயம் பாருங்கள்: பட்டியலில் இருக்கிறதா, எந்தத் தட்டில் (விலைப் படியில்) இருக்கிறது, பக்கத்தில் என்ன எழுத்து நிற்கிறது. பி.ஏ. என்றால் முன் அனுமதி வாங்க வேண்டும். எஸ்.டி. என்றால் மலிவான வேறு மருந்தை முதலில் போட்டுப் பார்க்க வேண்டும். கியூ.எல். என்றால் ஒரு தடவை தரும் அளவுக்கு வரம்பு உண்டு. தட்டு ஒன்று, இரண்டு மலிவு. மூன்றாம் தட்டிலிருந்து சில திட்டங்கள் நிலையான தொகைக்குப் பதிலாக வீதம் எடுக்கும். போன வருடம் 47 டொலர் என்று இருந்த இடத்தில் இந்த வருடம் 25 வீதம் என்று இருந்தால், மருந்தின் விலை 600 டொலராக இருக்கும்போது 150 டொலர் போகும். முற்கழிவும் பல திட்டங்களில் மேல்தட்டு மருந்துகளுக்கு மட்டும்தான். அதன் சட்ட உச்சம் 2025இல் 590, 2026இல் 615.

திருகோணமலையில் கிளினிக் காட்டி வருகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். கிளினிக் கொப்பியில் இருக்கும் பெயரை அப்படியே அமெரிக்கத் தளத்தில் அடித்தால் சில மருந்து வராது. சீனி வருத்தத்துக்கு இங்கே தாராளமாக எழுதும் கிளிக்லசைட் அமெரிக்காவில் விற்பனையிலேயே இல்லை. அங்குள்ள வைத்தியர் கிளிபிசைட் அல்லது கிளிமெபிரைட் போன்ற ஒன்றுக்கு மாற்றுவார். அந்தப் புதிய பெயரையும் அளவையும் வைத்துத்தான் திட்டத்தை ஒப்பிட வேண்டும். இங்கே கிளிபென்கிளமைட் என்பது அங்கே கிளைபுரைட். சல்பியூட்டமோல் அங்கே அல்பியூட்டரோல். மெட்போமின், அட்டோர்வாஸ்டடின், லொசார்டன் இரண்டு இடத்திலும் அதே பெயர்தான், அவை மலிவும்கூட.

சட்டம் தரும் சில பாதுகாப்புகள் எல்லாத் திட்டத்துக்கும் பொது. பட்டியலில் உள்ள இன்சுலின் மாதத்துக்கு 35 டொலருக்கு மேல் போகாது. பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு வருடம் முழுவதும் நாம் கொடுப்பது 2025இல் 2,000, 2026இல் 2,100 டொலரோடு நிற்கும். ஆனால் மாதக் கட்டணமும் பட்டியலில் இல்லாத மருந்தும் இந்தக் கணக்கில் சேராது. இதைத் தெரியாமல் "எப்படியும் 2,100 தானே" என்று இருந்துவிடுகிறார்கள். அரசு பேரம்பேசிக் குறைத்த விலை 2026 ஜனவரியிலிருந்து பத்து மருந்துகளுக்கு நடைமுறையில் இருக்கிறது. ஜனுவியா, ஜார்டியன்ஸ், பார்சிகா மூன்றும் அதில் அடங்கும். நம்மவர்களில் சீனி உள்ளவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

இனி ஒப்பிடும் முறை. மெடிக்கெயாரின் அரச இணையத்தளத்தில் ஒக்டோபர் 1 முதல் அடுத்த வருடத் திட்டங்கள் தெரியும். அமெரிக்க வீட்டின் சிப் கோட், மருந்துகளின் பெயர், மில்லிகிராம், மாதத்துக்கு எத்தனை, வழக்கமான பார்மசி என்று கொடுங்கள். மேலே வருடம் எது என்று பாருங்கள். இலையுதிர் காலத்தில் இரண்டு வருடமும் காட்டும், நடப்பு வருடத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பவர்கள் உண்டு. பிறகு மாதக் கட்டணத்தைப் பார்க்காமல், மருந்துச் செலவும் கட்டணமும் சேர்ந்த வருடத் தொகையால் வரிசைப்படுத்துங்கள். உதாரணமாக, கட்டணமே இல்லாத திட்டத்தில் மருந்துக்கு வருடம் 1,150 டொலர் போகிறது. மாதம் 38 டொலர் எடுக்கும் திட்டத்தில் மருந்துக்கு 420 தான். இரண்டாவதன் மொத்தம் 876. "இலவசம்" என்பதுதான் அங்கே விலை கூட.

அட்வாண்டேஜ் என்றால் வைத்தியர் அடுத்த வருடமும் நெட்வேர்க்கில் இருக்கிறாரா என்று அவருடைய அலுவலகத்திலேயே கேளுங்கள், திட்டத்தின் முழுப்பெயரைச் சொல்லி. நிறுவனப் பெயர் மட்டும் சொன்னால் "ஓம், எடுக்கிறோம்" என்று விடுவார்கள். ஒரே நிறுவனத்துக்குப் பல திட்டம் இருக்கும்.

அட்வாண்டேஜிலிருந்து அசல் மெடிக்கெயாருக்குத் திரும்ப நினைப்பவர்கள் அவசரப்பட வேண்டாம். 65 வயதுக்குப் பிறகு பார்ட் பி தொடங்கிய முதல் ஆறு மாதம் முடிந்துவிட்டால், பெரும்பாலான மாநிலங்களில் மெடிகப் நிறுவனம் உடல்நிலையைக் காட்டி மறுக்கலாம் அல்லது விலையைக் கூட்டலாம். மெடிகப் கிடைப்பது உறுதியான பிறகே அட்வாண்டேஜை விடுங்கள்.

ஊரில் இருக்கும் காலத்துக்கு வருவோம். மெடிக்கெயார் மிக அபூர்வமான சில சந்தர்ப்பங்கள் தவிர அமெரிக்காவுக்கு வெளியே ஒரு சதம் தராது. திருகோணமலைப் பார்மசியில் வாங்கும் மருந்துக்குப் பார்ட் டியும் தராது. மெடிகப்பில் சீ, டி, எஃப், ஜீ, எம், என் வகைகள் வெளிநாட்டு அவசர சிகிச்சைக்கு 250 டொலர் முற்கழிவுக்குப் பிறகு 80 வீதம் தரும். அதுவும் பயணத்தின் முதல் 60 நாட்களுக்குள் தொடங்கும் அவசரத்துக்கு மட்டும், வாழ்நாள் வரம்பு 50,000 டொலர். பங்குனியில் வந்து ஆவணியில் விழுந்து எலும்பு முறிந்தால் அது உதவாது. சில அட்வாண்டேஜ் திட்டங்களில் உலகளாவிய அவசரச் சலுகை உண்டு, அதுவும் வருடாவருடம் கூடும், குறையும், காணாமலும் போகும். திருகோணமலை பொது வைத்தியசாலையில் சிகிச்சை பெரும்பாலும் இலவசம் என்பதால் கேட்டுவாங்க ஒன்றும் இல்லை. தனியார் வைத்தியசாலைக்குப் போனாலோ கொழும்புக்கு மாற்றினாலோ, ஆங்கிலத்தில் பிரித்து எழுதிய பில், பணம் கட்டிய ரசீது, டயக்னோசிஸ் கார்ட் மூன்றையும் அங்கிருந்து கிளம்பும் முன்பே கையில் எடுங்கள். பிறகு கேட்டு வாங்குவது பெரும்பாடு.

அதைவிடப் பெரிய விடயம் ஆறு மாத எல்லை. அட்வாண்டேஜ் திட்டத்தின் சேவைப் பகுதிக்கு வெளியே தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் திட்டம் பெயரை நீக்கிவிடும். பங்குனி நடுவில் வந்தவர்களுக்கு அந்த எல்லை புரட்டாதி நடுவிலேயே வந்துவிடுகிறது. கிறீன் கார்ட் உள்ளவர்களுக்கு ஆறு மாதத்தைத் தாண்டுவது குடியிருப்பு பற்றிய கேள்வியையும் எழுப்பும். அமெரிக்காவில் வேலை செய்யாமல் ஐந்து வருடத் தொடர்ச்சியான குடியிருப்பைக் காட்டி மெடிக்கெயார் வாங்கப்போகிறவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வெளிநாட்டில் குடியிருந்துவிட்டு அமெரிக்காவுக்கே மீண்டும் குடிபெயர்கிறவர்களுக்கு, போய்ச் சேர்ந்த மாதத்துக்குப் பின் இரண்டு முழு மாதம் திட்டத்தில் சேர விசேட வாய்ப்பு உண்டு.

டிசெம்பர் 7 வரை ஊரிலேயே இருக்க நேர்ந்தால், கிளம்பும் முன்பே ஒழுங்கு செய்ய வேண்டியவை சில. கடிதங்களை மின்னஞ்சலில் அனுப்பும்படி திட்டத்திடம் கேளுங்கள். மெடிக்கெயார் இணையக் கணக்கின் உறுதிக் குறியீடு எந்தத் தொலைபேசிக்கு வருகிறது என்று பாருங்கள்; அமெரிக்க சிம் லாச்சிக்குள் கிடந்தால் கணக்கு திறக்காது. மகனோ மகளோ 1-800-633-4227 எண்ணில் பெற்றோருக்காகப் பேச, பெற்றோரின் எழுத்து அனுமதிப் படிவம் ஏற்கனவே பதிவாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெற்றோரும் அழைப்பில் சேர்ந்து வாயால் அனுமதி சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம், கட்டணம் இல்லை. நவம்பர் முதல் ஞாயிறு வரை இங்கே இரவு 9.30 என்றால் நியூயோர்க்கில் நண்பகல். அதற்குப் பிறகு இங்கே இரவு 10.30. கடைசி நாள்வரை இழுக்க வேண்டாம், டிசெம்பர் மழையில் கரண்டும் இணையமும் எப்போது போகும் என்று யார் கண்டது. ஒன்றுக்கு மேற்பட்ட தடவை திட்டம் மாற்றியிருந்தால் கடைசியாகப் பதிந்ததே செல்லும்.

கடிதத்துக்குப் பதிலாக "திட்டம் புதுப்பிக்கப்படாது" என்று அறிவித்தல் வந்தால் கதை வேறு. அது ஒக்டோபர் 2க்குள் வரும். அட்வாண்டேஜ் திட்டம் நின்றுபோய் நீங்கள் ஒன்றும் செய்யாமல் இருந்தால், ஜனவரியில் மருந்துக் காப்புறுதி இல்லாமல் அசல் மெடிக்கெயாரில் நிற்பீர்கள். இவர்களுக்கு டிசெம்பர் 8 முதல் பெப்ரவரி கடைசி வரை மேலதிக அவகாசமும், உடல்நிலை பாராமல் மெடிகப் வாங்கும் உரிமையும் உண்டு. இந்த அறிவித்தலைத் தூக்கி எறியாதீர்கள், மெடிகப் நிறுவனம் அதன் பிரதியைக் கேட்கும்.

சோஷல் செக்யூரிட்டி ஓய்வூதியம் இல்லாத பெற்றோருக்குப் பார்ட் பி கட்டணம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பில்லாக வரும். பார்ட் ஏயையும் காசு கொடுத்து வாங்குபவர்களுக்கு (2026இல் மாதம் 565 டொலர் வரை) மாதாமாதம் வரும். வங்கியில் பழைய தொகையை நிலையாகப் போட்டு வைத்திருந்தால் ஜனவரியில் இருந்து குறைவாகப் போகும், நிலுவை ஏறும், கடைசியில் பார்ட் பியே நின்றுவிடும். அதோடு அட்வாண்டேஜும் போய்விடும். பிறகு ஜனவரி முதல் மார்ச் வரைதான் திரும்பச் சேரலாம். இடைவெளி நீண்டால் ஒவ்வொரு முழு 12 மாதத்துக்கும் 10 வீதத் தண்டப்பணம், பார்ட் பி இருக்கும் காலமெல்லாம். மெடிக்கெயாரின் ஈஸி பே என்ற இலவசத் தானியங்கிக் கழிப்பில் சேர்ந்தால் புதிய தொகை தானாகவே எடுபடும். சேர்க்கை நடைமுறைக்கு வரச் சில வாரம் பிடிக்கும், அதுவரை வரும் பில்லைக் கையால் கட்டுங்கள்.

புதிய அட்டை ஜனவரிக்கு முன்பே வீட்டுக்கு வரும். ஜனவரி பிறந்ததும் திட்டத்தின் பழைய அட்டையை மட்டும் வெட்டிப் போட்டுவிட்டு, முதல் மருந்தை வாங்கும்போது புதியதைக் கொடுங்கள். தொகை எதிர்பார்த்ததைவிடக் கூடினால், அட்வாண்டேஜில் இருப்பவர்கள் மார்ச் 31க்குள் ஒரு தடவை மட்டும் மாறலாம், மாற்றம் அடுத்த மாதம் முதலாம் திகதியிலிருந்து செல்லும். அசல் மெடிக்கெயாரோடு தனிப் பார்ட் டி வைத்திருப்பவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.