எம்.பி.யிடம் போகிற நேர்ஸ்மாருக்கு

நாங்கள் திருகோணமலையில் டயாலிசிஸ் (மெஷினில் இரத்தம் சுத்திகரிக்கிற) பிரிவில் நிற்கிற நேர்ஸ்மார். எம்.பி.யிடம் முதல் தடவை போனபோது நாலு பக்கக் கடிதத்தில் பதினொரு கோரிக்கை எழுதிக்கொண்டு போனோம், குவாட்டர்ஸ் கூரை ஒழுகுவதுகூட அதில் இருந்தது. எம்.பி. நல்ல மனுசன், தேத்தண்ணி தந்தார், "பார்க்கிறன் பிள்ளையள்" என்றார், கடிதம் செயலாளரின் ஃபைலுக்குள் போனது. அவ்வளவுதான்.

ஆகவே ஒன்றை மட்டும் கேளுங்கள். சம்பளம், இடமாற்றம் எல்லாம் பெரிய சங்கங்கள் பேசும். டயாலிசிஸ், ஐ.சி.யூ. போன்ற தனிப் பிரிவில் நிற்கிற நமக்குத்தான் ஒரு மெஷினுக்கு எத்தனை நேர்ஸ் தேவை, பயிற்சி பெற்றவர்கள் எத்தனை பேர் என்பது தெரியும். நாங்கள் கடைசியில் கேட்டது இரவு டியூட்டிக்கு இன்னும் இரண்டு பேர். அதற்கு மூன்று மாதக் கணக்கு ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதி வைத்திருந்தோம். உங்களிடம் கணக்கு இல்லையென்றால், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அங்கீகரிக்கப்பட்ட ஆளணி (உங்கள் பிரிவுக்கு அனுமதித்த ஆட்களின் எண்ணிக்கை) எத்தனை, வெற்றிடம் எத்தனை என்று எழுதிக் கேளுங்கள்; தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும்.

சரி, யாரிடம் கேட்பது? இங்கேதான் நிறையப் பேர் அலைகிறார்கள். அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின்படி போதனா வைத்தியசாலைகள் மத்திய அமைச்சின் கீழ், மற்றவை பெரும்பாலும் மாகாணத்தின் கீழ், இடையில் கைமாறியவையும் உண்டு, அதனால் உங்கள் ஆஸ்பத்திரி எந்தப் பக்கம் என்பதை முதலில் ஒஃபிசில் கேட்டுக்கொள்ளுங்கள். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017இல் முடிந்த பிறகு தேர்தல் நடக்கவில்லை, மாகாண விசயம் என்றால் ஆளுநர் பக்கம் போக வேண்டும். ஆளணியைக் கூட்டுவதற்கோ திறைசேரியின் முகாமைத்துவ சேவைகள் திணைக்களம் தலையாட்ட வேண்டும், இதை எம்.பி.க்கே நாங்கள்தான் சொன்னோம்.

திருகோணமலை மாவட்டத்தில் தெரிவாகிற எம்.பி.க்கள் நாலு பேர்தான். கட்சி பார்க்காமல் நாலு பேரிடமும் போங்கள், தமிழிலும் சிங்களத்திலும் ஒரே பக்கக் கடிதம். கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) நடக்கும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் இதைக் கிளப்பச் சொல்லுங்கள், அதிகாரிகள் எல்லோரும் ஒரே மேசையில் இருப்பதால் "கடிதம் கிடைக்கவில்லை" என்ற கதை அங்கே எடுபடாது. தனி ஆளாகப் போகாதீர்கள், லீவு நாளில், யூனிஃபோர்ம் இல்லாமல், சங்கத்தின் பெயரில் போங்கள். பத்திரிகைக்குப் பேட்டி கொடுப்பது வேறு வில்லங்கம், அரச ஊழியருக்கான விதிகள் உள்ள தாபனக் கோவையை நினைவில் வையுங்கள்.

அப்புறம், அமெரிக்காவில் சிறுநீரகப் பிரிவு நேர்ஸ்மார் சங்கம் காங்கிரஸ் உறுப்பினர்களை டயாலிசிஸ் நிலையங்களுக்கே அழைத்துக் காட்டுகிற பழக்கம் உண்டு. அதைப் பார்த்துத்தான் நாங்களும் ஆஸ்பத்திரிப் பணிப்பாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி எம்.பி.யை வாட்டுக்குக் கூப்பிட்டோம். வெருகலில் இருந்து விடிய முதல் பஸ்ஸில் வருகிற ஐயா ஒருவர், கிழமைக்கு இரண்டு நாள், நாலு மணித்தியாலம் மெஷினோடு கிடப்பவர், தானாகவே கையை நீட்டி "தொட்டுப் பாருங்கோ தம்பி" என்றார். ஃபிஸ்டுலா போட்ட இடத்தில், அதாவது டயாலிசிஸுக்காகக் கையில் இரண்டு இரத்தக் குழாய்களை இணைத்த இடத்தில், விரல் வைத்தால் தோலுக்குக் கீழே தேனி அடைத்த மாதிரி அதிரும். எம்.பி. விரலைச் சட்டென்று எடுத்துவிட்டு, பிறகு திரும்பவும் வைத்தார். பக்கத்துக் கட்டிலில் அலாரம் அடிக்க, நின்ற ஒரே நேர்ஸ் ஐயாவை விட்டுவிட்டு ஓடினாள். நாங்கள் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நோயாளி சம்மதிக்காமல் இப்படிச் செய்யாதீர்கள், ஃபோட்டோ வேண்டவே வேண்டாம், எம்.பி.யோடு வருகிற பையன்கள் ஃபோனை எடுப்பார்கள், வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

காலமும் முக்கியம். வரவு செலவுத் திட்டம் வழக்கமாக நவம்பரில் வாசிக்கப்படும், ஒக்டோபரில் போய் நின்றால் அமைச்சு தன் கணக்கை ஏற்கெனவே அனுப்பியிருக்கும். ஆடி மாதத்துக்குள் கடிதம் கையில் சேர வேண்டும், இரண்டு கிழமைக்கு ஒருக்கால் எடுத்து விசாரிக்க வேண்டும். எம்.பி.யின் நம்பரை விட அவருடைய செயலாளரின் நம்பரை வாங்குங்கள், ஃபைல் அவரிடம்தான் கிடக்கும்.