கதிரையில் இருந்து விமானம் ஓட்டுகிறவர்களுக்கு: தவிர்க்க வேண்டிய பிழைகள்

போன கிழமை கொக்குவிலில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்றவர், ஊரில் எல்லோருக்கும் மாஸ்டர். பிள்ளைகள் லண்டனில். அவர்கள் அனுப்பிய காசில் புதுக் கணினி, ஜொய்ஸ்டிக், பெரிய மொனிட்டர் எல்லாம் வாங்கி, கணினியில் விமானம் ஓட்டிப் பார்க்கும் மைக்ரோசொஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரையும் போட்டு வைத்திருந்தார். நான் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். கொழும்புக்குப் பக்கத்தில் உள்ள இரத்மலானை விமான நிலையத்தில் இறங்கப் போகிற நேரம் பார்த்துப் படம் திக்கித் திக்கி நகரத் தொடங்கியது.

"கிராஃபிக்ஸ் காட் பத்தாது போல. கடைக்காரத் தம்பியும் உப்பிடித்தான் சொல்லுறான்" என்றார் மாஸ்டர். திரையில் படத்தை வரைகிற பாகத்தைத்தான் சொன்னார்.

எனக்கு வயிறு எரிந்தது. இதே வசனத்தை 2022இல் இன்னொரு கடையில் நானும் கேட்டிருக்கிறேன். கேட்டதோடு நிற்காமல் நம்பியும் இருக்கிறேன்.

என் பழக்கத்திலேயே அறுபது தாண்டிய பிறகு இந்தப் பொழுதுபோக்குக்கு வந்தவர்கள் ஐந்தாறு பேர் இருக்கிறார்கள். எல்லோரும் நான் விழுந்த குழிகளைத் தேடிப் பிடித்து, ஒழுங்கு மாறாமல் விழுகிறார்கள். சில்லை மடக்க மறப்பது, பார்க்கிங் பிரேக்கை எடுக்காமல் எஞ்சினை முறுக்குவது போன்றவற்றை நான் சொல்லத் தேவையில்லை. அதெல்லாம் தானாகவே சரிவரும். தானாகச் சரிவராத பிழைகளைத்தான் எழுதுகிறேன்.

டகோட்டாவில் தொடங்குவது

எங்கள் வயதுக்காரருக்கு இந்த ஆசை எங்கே முளைத்தது என்று எனக்குத் தெரியும். எயார் சிலோன் 1947 டிசம்பரில் சேவையைத் தொடங்கியபோது, அதன் டகோட்டா என்ற இரட்டை எஞ்சின் விமானம் இரத்மலானையிலிருந்து இங்கே யாழ்ப்பாணத்துக்கு வந்துதான் மதராசுக்குப் போனது. நாங்கள் கண்ணால் பார்த்தது பிறகு வந்த அவ்ரோ விமானத்தை. சைக்கிளை வேலியோடு சாத்திவிட்டு, அது பலாலியில் இறங்கி மறையும்வரை வாயைப் பிளந்துகொண்டு நின்ற கூட்டம் நாங்கள். அதனால் சிமுலேட்டரின் நாற்பதாம் ஆண்டுப் பதிப்பில், 2022 நவம்பரில், டகோட்டா இலவசமாக வந்ததும் எல்லோரும் அதில்தான் ஏறினோம்.

ஏறினோம், ஓடுபாதையிலேயே சுழன்றோம். டகோட்டாவுக்கு மூக்குச் சில்லு இல்லை, வாலில்தான் சின்னச் சில்லு. தரையில் நிற்கும்போது மூக்கு வானத்தைப் பார்க்கும், ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாது. பாரத்தின் மையம் பெரிய சில்லுகளுக்குப் பின்னால் இருப்பதால், விமானம் கொஞ்சம் திரும்பத் தொடங்கினாலே வால் முன்னுக்கு வரப் பார்க்கும். மாட்டு வண்டிலைப் பின்பக்கமாகத் தள்ளிப் பார்த்தவருக்கு இது உடனே விளங்கும்.

முதல் இரண்டு மாதம், மூக்குச் சில்லுள்ள சின்ன விமானமான செஸ்னா 172 போதும். 55 நொட்டில் (மணிக்கு 55 கடல் மைல் வேகத்தில்) மூக்கைத் தூக்குங்கள், 74இல் ஏறுங்கள், 65இல் இறங்க வாருங்கள். இந்த மூன்று எண்ணையும் ஒரு துண்டில் பெரிதாக எழுதி மொனிட்டரின் ஓரத்தில் ஒட்டி வையுங்கள். இரத்மலானையிலிருந்து பலாலிக்குச் சுமார் 180 கடல் மைல். செஸ்னாவில் ஒன்றே முக்கால் மணித்தியாலம் பிடிக்கும். ஓய்வுபெற்றவர்களுக்கு என்ன அவசரம்?

படம் திக்கினால் கிராஃபிக்ஸ் காட் வாங்குவது

இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆறாது.

2022இல் என் கணினி அவ்வளவு மோசமில்லை. கடலுக்கு மேலே வெண்ணெய் போலப் போகும். கொழும்பை நெருங்கியதும் திக்கத் தொடங்கும். கணினியைத் தூக்கிக்கொண்டு போய் டவுனில் ஒரு கடையில் காட்டினேன். அங்கிருந்தவர் பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. "காட் பத்தாது ஐயா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அது எப்படிப்பட்ட நேரம் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360 வரை போய்விட்டது. திங்கட்கிழமை சொன்ன விலை புதன்கிழமை இல்லை. இன்னும் ஏறிவிடும் என்ற பயத்தில் அன்றைக்கே காசைக் கொடுத்தேன். இரண்டு மாத ஓய்வூதியம் போதவில்லை, சேமிப்பிலும் கை வைத்தேன்.

காட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து பூட்டினால் கணினி தானாக அணைந்து அணைந்து எழும்புகிறது. பவர் சப்ளை தாங்கவில்லையாம். திரும்பவும் கடை, திரும்பவும் காசு. எல்லாம் பூட்டி முடித்து, இரவு பத்து மணிக்கு இரத்மலானையை நோக்கி இறங்கினேன். முதல் எந்த இடத்தில் திக்கியதோ அதே இடத்தில், அதே மாதிரித் திக்கியது. பத்து அடிகூட முன்பின் இல்லை. மனிசி குசினியில் இருந்து, "என்ன, இப்ப சரியோ?" என்று கேட்டார். "ஓம், நல்லாப் போகுது" என்றேன்.

எட்டு மாதம் கழித்துத்தான் காரணம் தெரிந்தது. கனடாவில் இருக்கும் மருமகன் வீடியோ கோலில் பார்த்துவிட்டு, "மாமா, செட்டிங்ஸுக்குள்ள போய் டெவலப்பர் மோடை ஒருக்காப் போடுங்கோ" என்றார். போட்டதும் மேலே ஒரு பட்டி வந்தது. அதில் டிபக் என்பதற்குள் போய், எஃப்பிஎஸ், அதாவது விநாடிக்கு எத்தனை படம் என்று காட்டச் சொல்லும் வரியை அழுத்தினேன். மூலையில் ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது. அதில் சிவப்பு எழுத்தில், 'லிமிட்டட் பை மெயின்த்ரெட்'. காட் வாங்க முதல் பத்து விநாடி செலவழித்து இந்தப் பெட்டியைப் பார்த்திருந்தால் ஒரு சதம் செலவில்லை.

அந்த வரியின் அர்த்தம் இதுதான். ஒவ்வொரு படத்தையும் காட் வரைய முதல், எந்தக் கட்டடம் எங்கே, எந்த விமானம் எங்கே, காற்று எந்தப் பக்கம் என்று கணினியின் மூளையான புரொசசர் கணக்குப் பார்த்துக் கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கில் பெரும் பங்கு ஒரே ஒரு வரிசையில்தான் ஓடுகிறது. அந்த வரிசைதான் மெயின்த்ரெட். சந்நிதி மடத்தில் அன்னதானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சோறு வடிக்கிறவர் ஒருவர், வாளியோடு பரிமாற நிற்கிறவர்கள் பத்துப் பேர். பந்தி தாமதமாகிறது. நான் செய்தது, கூடுதல் விலைக்கு இன்னும் பத்து வாளி வாங்கிக் கொடுத்தது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. நான் விழுந்ததும் மாஸ்டர் விழுந்ததும் அதில்தான். படம் திக்கும்போது டாஸ்க் மனேஜரைத் திறந்து பார்ப்போம். புரொசசர் 25, 30 வீதம்தான் வேலை செய்கிறது என்று காட்டும். அது சும்மா இருக்கிறது, அப்படியானால் பிழை காட்டில்தான் என்று முடிவு கட்டுவோம். ஆனால் அந்த எண், புரொசசருக்குள் தனித்தனியாகக் கணக்குப் பார்க்கும் எல்லாக் கோர்களுக்கும் சேர்த்துப் போட்ட சராசரி. எட்டில் ஒன்று மூச்சுத் திணற ஓடிக்கொண்டிருக்க, மற்ற ஏழும் மரத்தடியில் இருந்து வெற்றிலை போடுகின்றன. கணக்குப் படிப்பித்த மாஸ்டரே சராசரியை நம்பி ஏமாந்ததை நான் அவரிடம் ஒன்றுக்கு இரண்டு தரம் சொல்லிக் காட்டினேன்.

சரி, என்ன செய்ய வேண்டும்? அந்தப் பெட்டி மெயின்த்ரெட் என்று சொன்னால், தரைக் காட்சியின் விவர அளவையும் பொருட்களின் விவர அளவையும் குறையுங்கள். அதிலுள்ள எண் கூடக் கூட, இன்னும் தூரத்தில் உள்ள நிலத்துக்கும் வீட்டுக்கும் புரொசசர் கணக்குப் பார்க்க வேண்டும். சுற்றிவர ஓடும் விமானங்கள், கார்கள், கப்பல்களையும் குறையுங்கள். பெட்டி ஜீபியூ (காட்டில் உள்ள சிப்) என்று சொன்னால் மட்டும் பாரம் காட்டில். அப்போதும் முதலில் ரெசலூஷன், முகில்கள், நிழல்கள் ஆகியவற்றைக் குறைத்துப் பாருங்கள். கடைக்குப் போவது அதற்குப் பிறகு.

டெவலப்பர் மோட் என்ற பெயரைக் கேட்டே பயப்படுகிறவர்களுக்கு இன்னொரு சோதனை. படத்தை எவ்வளவு கூர்மையாக வரைவது என்று சொல்லும் ரெண்டர் ஸ்கேலிங் 100இல் இருக்கும், அதை 50 ஆக்குங்கள். படம் மங்கும், பரவாயில்லை. மங்கியும் திக்கல் குறையவில்லை என்றால் காட்டில் பிழையில்லை.

நான் தரை விவரத்தை 200இலிருந்து 100க்குக் கொண்டுவந்தேன், போக்குவரத்தைப் பாதியாக்கினேன், விநாடிக்கு 30 படம் என்று பூட்டி வைத்தேன். இரத்மலானையில் விமானம் எண்ணெயில் வழுக்கினது போல இறங்கியது. பழைய காட்டையும் பூட்டிப் பார்த்தேன். அதிலும் அப்படித்தான். அது இப்போது அலுமாரியில், பழைய பற்றுச்சீட்டுகளுக்கு மேல் இருக்கிறது.

மாஸ்டரின் கணினியிலும் அதே சிவப்பு எழுத்துத்தான் வந்தது. மாற்றிக் கொடுத்தேன். சந்தோசப்படுவார் என்று பார்த்தால் முகம் கறுத்துப் போனது. "காட்டுக்கு முற்பணம் கட்டிட்டன்" என்றார்.

வழி முழுக்க இழுத்துப் பிடித்திருப்பது

இரத்மலானையில் பிடித்த ஜொய்ஸ்டிக்கைப் பலாலி வரும்வரை பின்னுக்கு இழுத்துக்கொண்டே வந்து, மணிக்கட்டுக்கு எண்ணெய் பூசுகிறவர்களைத் தெரியும். கையால் பிடிக்காமலே மூக்கை ஒரு நிலையில் நிறுத்தி வைக்க டிரிம் என்று ஒன்று இருக்கிறது. முதலில் மூக்கை வேண்டிய இடத்தில் கையால் நிறுத்துங்கள். வேகம் ஒரு நிலைக்கு வரட்டும். பிறகு டிரிம்மைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றியபடி, ஜொய்ஸ்டிக்கை நடுவுக்கு விட்டுக்கொண்டே வாருங்கள். உண்மை விமானத்தில் கைக்கு வரும் பாரம் குறைவதை உணரலாம். எங்கள் ஸ்பிரிங் ஜொய்ஸ்டிக்கில் அது தெரியாது, அதனால் அவசரப்பட்டால் மூக்கு குதிக்கும். கையை முழுதாக எடுத்தும் விமானம் நேரே போனால் டிரிம் சரி. மூக்கைத் தூக்குவதற்கே டிரிம்மைப் பாவிக்கிறவர்களும் உண்டு. அது இன்னொரு பிழை.

கை நடுக்கத்துக்கு ஜொய்ஸ்டிக்கைத் திட்டுவது

கை அசைவுக்கு விமானம் எவ்வளவு அசையும் என்று சொல்லும் சென்சிட்டிவிட்டியை மைனஸ் 40 அளவில் வையுங்கள், நடுவில் அசைவைக் கணக்கெடுக்காத சிறிய டெட் சோன் விடுங்கள். எனக்கும் கை நடுங்குகிறது, விமானத்துக்குத் தெரியாது.

சோளகமா வாடையா என்று பாராமல் இறங்குவது

பலாலி ஓடுபாதைக்கு ஒரு முனையில் 05, மறுமுனையில் 23 என்று எண். 50 பாகையை நோக்கி இறங்கினால் 05, 230ஐ நோக்கி இறங்கினால் 23. விமானம் காற்றை எதிர்த்து இறங்க வேண்டும். சோளகம் தென்மேற்கிலிருந்து அடிப்பதால் 23, வடகிழக்கிலிருந்து அடிக்கும் வாடைக்காற்று என்றால் 05. வீட்டுப் படலையில் நின்றே எந்த ஓடுபாதை என்று சொல்லக்கூடிய நாங்கள், சிமுலேட்டருக்குள் போனதும் ஜீபிஎஸ் காட்டுகிற கோட்டைப் பிடித்துக்கொண்டு, முதுகில் 15 நொட் காற்றோடு போய் ஓடுபாதையின் மற்றத் தொங்கலில் வேலிக்குள் நிற்கிறோம். நிகழ்நேர வானிலையைப் போட்டுவிட்டு முற்றத்துக்குப் போய்த் தென்னோலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒருக்காப் பாருங்கள். அனேகமாக ஒத்துப்போகும், அதில் ஒரு தனிச் சந்தோசம் உண்டு.

அமுக்கத்தை மாற்றாமல் இரவில் கடலுக்கு மேலே தாழ்வது

உயரமானி காற்றமுக்கத்தை அளந்துதான் உயரம் சொல்கிறது. அது 1013 ஹெக்டோபாஸ்கலில் நிற்க, பலாலியில் அன்றைக்கு 1008 என்றால், உண்மையில் இருப்பதை விட ஏறக்குறைய 140 அடி கூட்டிக் காட்டும். பலாலி கிட்டத்தட்டக் கடல்மட்டம். 140 அடிக்கு மேலே இருக்கிறோம் என்று நம்பிக்கொண்டே மீனோடு மீனாகப் போய்விடலாம். பி விசையைத் தட்டினால் தானாகச் சரிசெய்துவிடும். இறங்கத் தொடங்க முதல் ஒருக்காத் தட்டுங்கள்.

வாசிக்கிற கண்ணாடியோடு இருப்பது

கண்ணாடியின் கீழ்ப்பாதியால் மொனிட்டரைப் பார்க்கத் தலையை அண்ணாந்தபடி இரண்டு மணித்தியாலம் பறந்து, கழுத்துப் பிடித்து, நோவெண்ணெய் தேடியிருக்கிறேன். மொனிட்டரை ஒரு கை நீளத்தில் வைத்து, அந்தத் தூரத்தை அளந்துகொண்டு போய்க் கண் வைத்தியரிடம் சொல்லித் தனிக் கண்ணாடி எடுங்கள். நான் இந்தப் பொழுதுபோக்குக்குச் செலவழித்ததில் வீண்போகாத காசு அது ஒன்றுதான்.

பகலில் தரவிறக்குவது

2020 பதிப்புக்கு 150 ஜீபி இடம் கேட்கும். இரவு டேட்டா உள்ள பக்கேஜ் என்றால் 12 மணிக்குப் பிறகு போட்டுவிட்டுப் படுங்கள்.

பேரனிடம் ஒருநிமிடம் கொடுப்பது

கொடுக்க வேண்டாம்.

முற்பணத்தைத் திருப்பிக் கேட்க வெட்கப்படுவது

திங்கட்கிழமை பத்து மணிக்கு வருகிறேன் மாஸ்டர். பற்றுச்சீட்டைத் தேடி எடுத்து வையுங்கோ.