ஜெர்மனியில் மாணவர் வாழ்க்கை: கடிதப்பெட்டியில் பெயர் ஒட்டுவது முதல் முன்பணம் திரும்பப் பெறுவது வரை

ஜெர்மனிக்கு மேற்படிப்புக்காகப் புறப்படும் நம் மாணவர்கள் சேர்க்கைக் கடிதத்துக்கும் விசாவுக்கும் ஓராண்டுக்கு மேல் அலைந்துவிட்டு, விமானம் ஏறும் நாளில் பெரிய வேலையெல்லாம் முடிந்ததென்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் பார்த்தவரையில், இங்கே முதல் ஆறு மாதங்களில் பாடத்தில் தடுமாறியவர்களைவிட, வீட்டிலும் அலுவலகங்களிலும் தடுமாறியவர்களே அதிகம். ஒரு வேலை இன்னொரு வேலையைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் காரணம். வீடு இல்லாமல் முகவரிப் பதிவு இல்லை. பதிவு இல்லாமல் வரி எண் வராது. வரி எண் தராமல் பகுதிநேர வேலையில் சேர்ந்தால், அதிக வரி பிடித்துக்கொண்டுதான் சம்பளம் தருவார்கள். ஆகவே எதை முதலில் செய்வது என்று தெரிந்துகொள்வதே பாதி வேலை.

வீடும் பெயரும்

மாணவர் விடுதியில் இடம் கேட்டு, சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்த அன்றே விண்ணப்பியுங்கள். பெரிய நகரங்களில் காத்திருப்போர் பட்டியல் ஒரு கல்விப் பருவத்தையும் தாண்டி நீளும். விடுதி கிடைக்காதவர்கள் பெரும்பாலும் 'வேகே' எனப்படும் பகிர்வு வீட்டில் ஓர் அறை எடுப்பார்கள். விளம்பரத்தில் இரண்டு வாடகைகள் இருக்கும்: கால்ட்மீட்டே என்பது வெறும் இடத்துக்கான வாடகை, வார்ம்மீட்டே என்பது வெப்பமூட்டல், தண்ணீர் முதலியவை சேர்ந்தது. மின்சாரமும் இணையமும் இரண்டாவதில் அடங்கியிருக்கின்றனவா என்று கேட்டுவிட வேண்டும். காவுட்சியோன் எனும் முன்பணம், கால்ட்மீட்டேயின் மூன்று மாதத் தொகையைத் தாண்டக் கூடாதென்பது சட்டம். அதை மாதம் ஒன்றாக மூன்று தவணைகளில் கட்டவும் உங்களுக்கு உரிமை உண்டு. வீட்டை நேரிலோ நம்பிக்கையான ஒருவர் மூலமோ பார்க்காமல், "சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்பவருக்குப் பணம் அனுப்பாதீர்கள்.

சாவி வாங்கும் நாளில், சுவரில் உள்ள கீறல், குளியலறைக் கறை, உடைந்த கைப்பிடி என எல்லாவற்றையும் படமெடுத்து, ஒப்படைப்புக் குறிப்பில் எழுதி, வீட்டுக்காரரின் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த வேலை, பெட்டியைப் பிரிப்பதற்கும் முன்னால், கீழே இருக்கும் கடிதப்பெட்டியிலும் அழைப்பு மணியிலும் உங்கள் பெயரை ஒட்டுவது. ஜெர்மனியில் தெருவும் கட்டட எண்ணும்தான் முகவரி. அறை எண்ணோ மாடி எண்ணோ பெரும்பாலும் இருப்பதில்லை. தபால்காரர் பெட்டியில் உள்ள பெயரைப் பார்த்துத்தான் கடிதத்தைப் போடுவார். பெயர் இல்லையென்றால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். இதை அறியாமல் நான் மூன்று வாரங்களை இழந்தேன். வங்கி அட்டை ஒரு கடிதத்திலும் அதன் ரகசிய எண் வேறொரு கடிதத்திலும் வரும்; பெயர் ஒட்டும் முன் வந்த அட்டை திரும்பிப் போயிற்று, ஒட்டிய பின் வந்த எண் மட்டும் கையில் இருந்தது. பூட்டில்லாத சாவி!

நம்மவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் கூடுதலாக உண்டு. முன்னெழுத்தோடு வாழ்ந்து பழகிய நமக்குக் கடவுச்சீட்டில் குடும்பப் பெயராக இருப்பது பெரும்பாலும் அப்பாவின் பெயர். அலுவலகங்கள் அந்தப் பெயரில்தான் எழுதும், ஆகவே பெட்டியில் அது கட்டாயம் இருக்க வேண்டும். படிப்பு முடியும்வரை மருத்துவமனையிலும் வங்கியிலும் உங்களை "ஹெர் சுப்பிரமணியன்", அதாவது திரு. சுப்பிரமணியன், என்று கூப்பிடுவார்கள். அப்பா பின்னால் நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்க்கும் பழக்கம் போக ஒரு பருவம் ஆகும்.

அலுவலகங்கள்

குடியேறிய இரண்டு வாரங்களுக்குள் பியூர்கர்ஆம்ட் எனும் குடிமக்கள் அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். இதற்குப் பெயர் ஆன்மெல்டுங். கடவுச்சீட்டோடு, நீங்கள் குடிவந்ததை உறுதிசெய்து வீட்டுக்காரர் கையொப்பமிட்ட தாளும் தேவை. வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. எல்லாவற்றுக்கும் டெர்மின், அதாவது முன்பதிவு நேரம் வேண்டும். அது கிடைப்பதே கடினமான நகரங்களில், காலையில் அலுவலகம் திறக்கும் வேளையில் இணையப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பாருங்கள். பிறர் கைவிட்ட நேரங்கள் அப்போது கண்ணில் படும். படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம் இருக்கும். கத்தோலிக்கர் அல்லது அங்குள்ள சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்தவர் என்று பதிவானால், நாளை வருமான வரி கட்டும்போது அதில் 8 அல்லது 9 விழுக்காடு தேவாலய வரியாகச் சேரும். நாகர்கோவிலிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வரும் பலர் முதல் சம்பளச் சீட்டில்தான் இதைக் கண்டு விழிக்கிறார்கள். உண்மையையே எழுதுங்கள், ஆனால் விளைவைத் தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

விசாவுக்காக வாழ்க்கைச் செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டு வைக்கும் 'பிளாக்டு அக்கவுண்ட்' எனும் முடக்கக் கணக்கில் 2024 செப்டம்பர் முதல் ஆண்டுக்கு 11,904 யூரோ கட்ட வேண்டியிருக்கிறது. அதிலிருந்து மாதம் 992 யூரோ மட்டுமே வெளியே வரும். உள்ளூர் வங்கிக் கணக்கு திறந்து முதல் தொகை வந்து சேரப் பல வாரங்கள் ஆகலாம் என்பதால், முதல் மாத வாடகை, முன்பணம், சாப்பாடு ஆகியவற்றுக்குத் தனியாகப் பணம் வைத்திருப்பது அவசியம். மருத்துவக் காப்பீடு இல்லாமல் பல்கலைக்கழகம் உங்களைச் சேர்க்காது. 30 வயதுக்குட்பட்ட மாணவருக்குப் பொதுக் காப்பீட்டின் சலுகைக் கட்டணம் மாதம் 140 யூரோவுக்கு மேல் வரும். தனியார் காப்பீடு மலிவாகத் தோன்றும். ஆனால் அதற்காகப் பொதுக் காப்பீட்டிலிருந்து விலக்கு வாங்கிவிட்டால் படிப்பு முடியும்வரை திரும்ப முடியாது. முப்பதுக்குக் கீழே இருப்பவர் அந்தச் சில யூரோக்களை மிச்சம் பிடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பதிவு செய்த சில வாரங்களில் ஒலிபரப்புக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும். வீட்டில் தொலைக்காட்சி இல்லையே என்று அதைக் குப்பையில் போடாதீர்கள். மாதம் 18.36 யூரோ, ஆளுக்கல்ல, வீட்டுக்கு. பகிர்வு வீட்டில் ஒருவர் கட்டினால் போதும். அவருடைய ஒலிபரப்புக் கட்டணக் கணக்கு எண்ணை எழுதிப் பதில் அனுப்பிவிட்டு, செலவை உங்களுக்குள் பிரித்துக்கொள்ளலாம். பதில் எழுதாவிட்டால் குடியேறிய மாதத்திலிருந்து கணக்கு ஏறிக்கொண்டே போகும். பொதுவாகச் சொன்னால், இந்த நாட்டில் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் இருப்பதைவிடச் செலவு பிடிக்கும் பழக்கம் வேறில்லை. விசா முடிவதற்குள் வெளிநாட்டினர் அலுவலகத்தில் வதிவிட அனுமதிக்கு விண்ணப்பித்துவிட வேண்டும் என்பதும் இதே வகைதான்; விசா முடிய மூன்று மாதம் இருக்கும்போதே டெர்மின் கேளுங்கள்.

ஜன்னலும் அடுப்பும்

நம் ஊரில் ஜன்னல் திறப்பதற்கு யாரும் பாடம் எடுப்பதில்லை. இங்கே சில வாடகை ஒப்பந்தங்களில் அதற்கென்றே ஒரு பத்தி இருக்கும். குளிர்காலத்தில் குளியல், சமையல், அறைக்குள் காயும் துணி, தூங்குபவரின் மூச்சு என எல்லாவற்றிலிருந்தும் வரும் ஈரம், இறுக்கமாக மூடிய அறையில் தங்கி, குளிர்ந்த வெளிச்சுவரின் மூலையில் படிந்து, இரண்டே மாதத்தில் கறுப்புப் பூஞ்சையாகிவிடும். குளிருக்குப் பயந்து ஜன்னலைத் திறக்காதவர் ஒருபக்கம். நாள் முழுதும் மேல்பக்கம் சாய்த்துத் திறந்து வைத்துச் சுவரைக் குளிரவிடுபவர் மறுபக்கம். இரண்டும் தவறு. வெப்பமூட்டியை அணைத்துவிட்டு, ஜன்னலை முழுதாகத் திறந்து, ஐந்து முதல் பத்து நிமிடம் காற்றை மாற்றி, மூடிவிட்டு வெப்பமூட்டியை மீண்டும் போட வேண்டும். காலையில் எழுந்ததும், சமைத்த பிறகும், படுக்கும் முன்னும் செய்தால் போதும். இதை ஷ்டோஸ்லுஃப்டன் என்பார்கள். கட்டிலையும் அலமாரியையும் வெளிச்சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள். பின்னால் ஒரு சாண் இடம் இருக்கட்டும்.

சமையலில் முதலில் கவனிக்க வேண்டியது தாளிப்பு. பெரும்பாலான சமையலறைகளில் இருப்பது கண்ணாடித்தள மின்சார அடுப்பு. கடுகு வெடித்ததும் நம் கை பழக்கத்தில் தீயைக் குறைக்கும். ஆனால் இந்த அடுப்பு குமிழைத் திருப்பினாலும் சட்டென்று சூடு தணியாது, அந்த இடைவெளியில் மிளகாய் கருகிப் புகை கிளம்பிவிடும். குமிழை நம்பாமல் வாணலியைத் தூக்கிப் பக்கத்தில் வைத்துவிட வேண்டும். புகை எழுந்துவிட்டால் கதவைத் திறந்து தாழ்வாரத்துக்கு விடாதீர்கள். கட்டட எச்சரிக்கைக் கருவி அங்கேதான் இருக்கும், சில விடுதிகளில் அது நேரே தீயணைப்பு நிலையத்தோடு இணைக்கப்பட்டிருக்கும், வீண் அழைப்புக்கான செலவு உங்கள் தலையில் விழலாம். ஜன்னலைத் திறங்கள், கதவை மூடியே வையுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் மிக்ஸி போடக் கூடாது. ஞாயிறு முழுதும் அமைதி நாள், அன்று துளையிடுவதும் சுத்தியல் தட்டுவதும் கூடவே கூடாது.

மிக்ஸி கொண்டு வரலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வரலாம். இங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். நம் மூன்று முள் பிளக் நுழையாது என்பதால் அடாப்டர் மட்டும் தேவை. பொடிகள், புளி, பருப்பு எல்லாம் வரலாம். பால், இறைச்சி சார்ந்த எதையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பயணிகள் எடுத்து வரக் கூடாது; அம்மா காய்ச்சிக் கொடுத்த நெய்யும் பால்கோவாவும் இதில் அடங்கும். பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, துரியன் ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு இருக்கிறது. ஆகவே தேங்காய்க்குத் தடையில்லை. ஆனாலும் அதைச் சுமந்து வர வேண்டிய தேவை இல்லை. பல நகரங்களில் ஈழத்தமிழர் நடத்தும் கடைகளில் தேங்காய், முருங்கைக்காய், கறிவேப்பிலை, இட்லி அரிசி எல்லாம் கிடைக்கும். வெஸ்ட்ஃபாலியப் பகுதியில் படிப்பவர்கள், ஹம் நகரில் ஈழத்தமிழர் எழுப்பி 2002இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோயிலின் தேர்த் திருவிழாவுக்கு ஒருமுறை போய்வாருங்கள். ஊர்ச் சாப்பாட்டுக்காகவேனும் போகலாம்.

மாவு புளிக்காதது குளிர்காலத்தின் பெரிய குறை. அறையே 20 டிகிரியில் இருக்கும்போது மாவு மட்டும் எப்படிப் பொங்கும்? அடுப்பின் ஓவனுக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு, பாத்திரத்தை வைத்து, கதவை மூடி இரவு முழுதும் விட்டால் காலையில் பொங்கியிருக்கும். "உள்ளே மாவு இருக்கிறது" என்று கதவில் ஒரு தாளை ஒட்டிவிடுங்கள். பீட்சா சுடுவதற்காக ஓவனைச் சூடேற்றிய அறைத்தோழர் ஒருவர், என் இரண்டு லிட்டர் மாவை ஒரே இட்லியாக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும் என்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஈஸ்டரில் பெரிய வெள்ளி, ஞாயிறு, திங்கள் மூன்றும் விடுமுறை என்பதால், இடையில் உள்ள சனிக்கிழமைதான் ஒரே வாய்ப்பு. காலிப் பாட்டில்களைத் தூக்கிப் போடாதீர்கள்; பெரும்பாலான பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் கேனுக்கும் 25 சென்ட், பீர் பாட்டிலுக்கு 8 சென்ட் ஃபான்ட், அதாவது திரும்பக் கிடைக்கும் முன்தொகை, உண்டு. கடை வாசலில் உள்ள இயந்திரத்தில் போட்டுச் சீட்டு வாங்கி, காசாளரிடம் கொடுத்தால் கழித்துக்கொள்வார். குப்பைத்தொட்டி நிறங்கள் நகரத்துக்கு நகரம் மாறும் என்பதால், வீட்டுப் பொறுப்பாளரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

வகுப்பும் வேலையும்

அட்டவணையில் '10 சி.டி.' என்று இருந்தால் வகுப்பு 10.15க்குத் தொடங்கும், 'எஸ்.டி.' என்றால் சரியாகப் பத்துக்கு. மதிப்பெண் தலைகீழ்: 1.0 சிறப்பு, 4.0 தேர்ச்சியின் எல்லை, 5.0 தோல்வி. வருகைப்பதிவு பெரும்பாலான விரிவுரைகளில் கிடையாது என்ற சுதந்திரத்தில் மயங்குபவர்கள் அதிகம். தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் அதற்கு ஒரு கடைசி நாள் உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள். வகுப்புக்கு ஒழுங்காகப் போனவரும் அந்த நாளைத் தவறவிட்டால் தேர்வு எழுத முடியாது. தேர்வன்று நோயுற்றால் அன்றே மருத்துவரிடம் சான்றிதழ் வாங்குங்கள், மறுநாள் வாங்கியதை ஏற்காமல் போகலாம். முடிவு வந்தபின் விடைத்தாளைப் பார்க்க ஒரு நாள் ஒதுக்குவார்கள். நல்ல மதிப்பெண் வாங்கியவர்களும் போக வேண்டும். பேராசிரியருக்கு எழுதும்போது "ரெஸ்பெக்டட் சார்" வேண்டாம். அது பெண் பேராசிரியருக்குப் போய்ச் சேர்ந்த கதைகள் நிறைய உண்டு. பட்டமும் குடும்பப் பெயரும் சேர்த்து எழுதுவதே மரபு.

2024 மார்ச் முதல், வெளிநாட்டு மாணவர் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். பல்கலைக்கழகத்திலேயே 'ஹிவி' எனப்படும் மாணவர் உதவியாளர் பணி கிடைத்தால் அது இந்தக் கணக்கில் சேராது. துறை அறிவிப்புப் பலகையைப் பார்ப்பதோடு நிற்காமல் நேரிலும் கேளுங்கள். குறைந்தபட்ச ஊதியம் 2026இல் மணிக்கு 13.90 யூரோ. சொந்தமாகத் தொழில் செய்ய மாணவர் அனுமதி இடம் தராது. வீட்டிலிருந்து ஊருக்கு ஃப்ரீலான்ஸ் வேலை செய்வதும் அப்படிப்பட்டதாகிவிடலாம் என்பதால் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

உடம்புக்கு முடியாவிட்டால் முதலில் பக்கத்துக் குடும்ப மருத்துவரிடம் போக வேண்டும்; அவர் இல்லாத இரவிலும் விடுமுறையிலும் 116117, உயிருக்கு ஆபத்தென்றால் 112.

வீட்டைவிட்டுப் போவதானால் பொதுவாக மூன்று மாதம் முன்பே, கையொப்பமிட்ட கடிதமாக அறிவிக்க வேண்டும். மின்னஞ்சலை வீட்டுக்காரர் ஏற்காமல் போகலாம். நாட்டைவிட்டே போகிறவர்கள் பியூர்கர்ஆம்டில் பதிவை நீக்க வேண்டும், அதைப் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து செய்யலாம். சுவரின் ஆணித் துளைகளை அடைத்து, ஓவனைத் தேய்த்துக் கழுவி, அன்று எடுத்த படங்களைக் கையில் வைத்துக்கொண்டு சாவியைக் கொடுங்கள். முன்பணம் அன்றே கைக்கு வராது. வெப்பமூட்டல் கணக்கு முடியட்டும் என்று மாதக்கணக்கில் பிடித்து வைப்பார்கள். அது வந்து சேரும்வரை ஜெர்மன் வங்கிக் கணக்கை மூடாதீர்கள்.