கோப்பில் ‘செயலற்று இருந்தார்’ என்று எழுதுமுன்

சனிக்கிழமைகளில் வெள்ளவத்தையில், உளவளத்துணை பயிலும் பிள்ளைகளின் கோப்புகளைப் பார்க்கிறேன். கரையோர ரயில் போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்தவேண்டிய அறை. போன கிழமை ஒரு பிள்ளை வாசித்தாள்: “துணைநாடி செயலற்ற நிலையில் காணப்பட்டார்.” உதவி தேடி வருபவரைத்தான் நாங்கள் துணைநாடி என்று எழுதுவோம். அப்போது ரயில் எதுவும் போகவில்லை. ஆனாலும் எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. பதினாறு வருடத்துக்கு முன் நான் எழுதிய வசனம், எழுத்துப் பிசகாமல்.

இரகசியம் காப்பது, இடையில் குறுக்கிடாமல் கேட்பது எல்லாம் முதல் கிழமையிலேயே சொல்லித் தந்திருப்பார்கள். அவற்றை விடுகிறேன். வீட்டு வன்முறைக்கு ஆளானவர்களோடு வேலை செய்யும்போது நாங்கள் விடும் பிழைகளை மட்டும் சொல்கிறேன்.

எதிர்ப்பு என்றால் திருப்பி அடிப்பதுதான் என்று நினைப்பது

அடையாளம் தெரியாதபடி விபரங்களை மாற்றிச் சொல்கிறேன். கொட்டாஞ்சேனைப் பக்கம், மேல்மாடியில் ஒரு அனெக்ஸ். கணவன் குடித்துவிட்டு வந்து அடிப்பான். நான் அந்தப் பெண்ணிடம் கேட்டது, “ஏன் ஒன்றும் செய்யாமல் இருந்தீர்கள்?” அவர் தரையைப் பார்த்தார். நான் அறிக்கையில் இரண்டு வரி எழுதினேன்: துணைநாடி செயலற்ற நிலையில் காணப்பட்டார், கற்றுக்கொண்ட கையறுநிலை. டிப்ளோமாவில் புதிதாகப் படித்த சொல், எங்காவது போட்டுப் பார்க்கக் கை துறுதுறுத்த காலம்.

பிள்ளைகளின் பொறுப்பு யாருக்கு என்ற வழக்கில், கணவன் பக்கச் சட்டத்தரணி அந்த இரண்டு வரியைத்தான் எடுத்து வாசித்தார். தன்னையே காத்துக்கொள்ளாத தாய் பிள்ளைகளை எப்படிக் காப்பாள் என்று கேட்டார். பிள்ளைகள் எட்டு மாதம் அப்பம்மா வீட்டில் இருந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் நான் சரியான கேள்வியைக் கேட்டேன்: “அவர் வரும் நேரம் நீங்கள் என்னென்ன செய்வீர்கள்?” ஒரு மணித்தியாலம் கதைத்தார். ஓட்டோ நிற்கும் சத்தம் கேட்டதும், அவன் காசு கொடுத்து மாடி ஏறுவதற்குள், சின்னவளைக் கணக்குக் கொப்பியோடு கீழ்வீட்டு அன்ரியிடம் அனுப்பிவிடுவார். பின்கதவுத் தாழ்ப்பாளை முன்பே தளர்த்தி வைப்பார். அடையாள அட்டையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களும் ஷொப்பிங் பையில் சுற்றி அரிசி வாளிக்கு அடியில். கத்தினால் மூத்தவன் ஓடிவந்து நடுவில் நிற்பான் என்பதால் கத்த மாட்டார். “ஒண்டு சொல்லவா மிஸ்? நான் அழவே இல்ல. அது மட்டும் அவருக்குக் கிடைக்காதெண்டு இருந்தன்.”

இத்தனையும் செய்த பெண்ணைத்தான் நான் செயலற்றவர் என்று எழுதியிருந்தேன். இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. அந்தச் சட்டத்தரணி மேல் அல்ல, அவர் தன் வேலையைச் செய்தார்.

நான் போட்ட சொல்லின் கதையையும் கேளுங்கள். 1967இல் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் நாய்களுக்கு மின்னதிர்ச்சி கொடுத்துச் செய்த சோதனைகளிலிருந்து வந்தது அது. தப்ப வழியில்லாத அதிர்ச்சிக்கு ஆளான நாய்களில் பல, பிறகு வழியிருந்தும் தப்ப முயலவில்லை. இயலாமையை அவை கற்றுக்கொண்டன என்றார்கள். அதே இருவரும் 2016இல், தாங்கள் தலைகீழாகப் புரிந்துகொண்டதாக எழுதினார்கள்: நீடித்த அதிர்ச்சியில் முடங்குவது யாரும் கற்காமலே வருவது, தன்னால் மாற்ற முடியும் என்பதுதான் கற்றுக்கொள்வது. நாங்கள் இன்னும் பழைய சொல்லையே கோப்பில் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

கனடாவில் அலன் வேட் போன்ற சிகிச்சையாளர்கள் 1990களிலிருந்து சொல்லிவருவது இதைத்தான்: ஒருவரை எங்கே வதைக்கிறார்களோ, அங்கே அவர் ஏதோ ஒரு விதத்தில் எதிர்த்துக்கொண்டுதான் இருப்பார். வெளிப்படையாக எதிர்த்தால் அடி கூடும், அதனால் அது கண்ணில் படாது. பட்டம் ஒன்றைச் சூட்டியவுடன் பிரச்சினை அவர் தலைக்குள் போய்விடுகிறது, அடித்தவனின் கை கோப்பிலிருந்தே மறைந்துவிடுகிறது.

‘ஏன் விட்டுவிட்டுப் போகவில்லை?’

கேட்காதீர்கள். பிரிந்து போகும் நேரம்தான் மிக ஆபத்தானது. அது அவருக்குத் தெரியும்.

‘அடி வாங்கினாள்’

எங்கள் மொழியில் இது ஒரு வினோதம். அடிப்பவன் அவன், வாங்குபவள் அவள், வசனத்தில் மிஞ்சுவது அவள் மட்டும். சிங்களத்திலும் அடியைத் ‘தின்ன’த்தான் செய்கிறார்கள். ‘குடும்பச் சண்டை’ இன்னும் மோசம். ஒருவர் அடிக்க மற்றவர் தலையைப் பொத்திக்கொண்டிருந்ததற்குச் சண்டை என்று பெயரா? யார், எதால், எங்கே அடித்தார், அப்போது இவர் என்ன செய்தார் என்று வினைச்சொல்லோடு எழுதுங்கள். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கும்போது, சத்தியக் கடதாசிக்கும் அந்த வினைச்சொற்கள்தான் உதவும்.

ஸ்டொக்ஹோம் என்று இழுப்பது

கணவனைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னால் போதும், ‘ஸ்டொக்ஹோம் சின்ட்ரோம்’, அதாவது வதைப்பவன் மேலேயே பாசம் வைக்கும் நோய், என்று எழுதிவிடுகிறார்கள். 1973 ஆகஸ்டில் ஸ்டொக்ஹோம் வங்கியொன்றில் நான்கு ஊழியர்கள் ஆறு நாள் பணயமாக இருந்தார்கள். அவர்களில் கிறிஸ்டின் என்மார்க், பொலிஸ் உள்ளே பாய்ந்தால் தாங்களே சாவோம் என்று பயந்து, சுவீடன் பிரதமர் ஒலோஃப் பால்மேயிடமே தொலைபேசியில் வாதாடினார். அந்தக் கணக்கில் என்ன நோய்? பொலிஸுக்கு ஆலோசனை சொன்ன மனநல மருத்துவர் நில்ஸ் பெஜெரோ அதற்குக் கொடுத்த விளக்கத்திலிருந்துதான் இந்தப் பெயர் வந்தது. மனநல மருத்துவர்கள் பார்க்கும் டிஎஸ்எம் கையேட்டில் அப்படி ஒரு நோயே இல்லை.

‘நீங்கள் வீரப்பெண்’

இதுவும் பட்டம்தான்.

வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்படுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது

கொழும்புப் பொலிஸ் நிலையங்களில் இது அடிக்கடி நடக்கிறது. அவர் தமிழில் ஐந்து நிமிடம் சொல்வார், புத்தகத்தில் இரண்டு வரி ஏறும். தாழ்ப்பாளும் அரிசி வாளியும் அந்த இரண்டு வரிக்குள் வராது. தமிழும் அரச கரும மொழி, தமிழில் எழுதித் தரும்படி கேளுங்கள். முடியாது என்றால், கையெழுத்து வைக்கும் முன் முழுவதையும் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். முகத்தைச் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். நேரம் எடுக்கும், அன்றைக்கு வேறு யாரையும் சந்திப்பதாக ஒத்துக்கொள்ளாதீர்கள்.