முனை உள்ளே போய்விட்டால் போதுமா?

எங்கள் ராயபுரம் வீட்டில் டிவிக்குப் பின்னால் எப்போதும் மூன்று கறுப்பு அடாப்டர்கள் தொங்கும். போன வருடம் ஒட்டடை அடிக்க எல்லாவற்றையும் கழற்றிய தங்கை, திரும்ப மாட்டும்போது செட்டாப் பாக்ஸ் அடாப்டரை வைஃபை பாக்ஸில் சொருகிவிட்டாள். முனை கச்சிதமாக உட்கார்ந்தது. ஐந்து நிமிடத்தில் கருகிய வாடை. வைஃபை பாக்ஸுக்கு வேண்டியது 9 வோல்ட், போனது 12.

அவள்மேல் தப்பே இல்லை. அந்த உருண்டை முனை பெரும்பாலும் 5.5 மில்லிமீட்டர் கனம்தான். 5 வோல்ட், 9 வோல்ட், 12 வோல்ட் எல்லாவற்றுக்கும் அதையே வைக்கிறார்கள். அதனால் முனையை நம்பாதீர்கள். அடாப்டரின் முதுகில் பொடி எழுத்தில் ‘அவுட்புட்’ என்று ஒரு வரி இருக்கும். அதிலுள்ள வோல்ட், பொருளில் போட்டிருக்கும் வோல்ட்டோடு அப்படியே ஒத்துப்போக வேண்டும். ஆம்பியர் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை, பொருள் தனக்கு வேண்டியதை மட்டும்தான் இழுக்கும். குறைந்தால் அடாப்டர் கொதிக்கும். அப்புறம், ஒரு புள்ளியும் அதைச் சுற்றி அரைவட்டமும் பிளஸ், மைனஸ் குறியோடு இருக்கும். அந்தக் குறியும் பொருளில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். நடுவில் பிளஸ் என்பதுதான் வழக்கம். சில மியூசிக் கீபோர்டுகளில் நடுவில் மைனஸ். இப்போது எங்கள் வீட்டு அடாப்டர் ஒவ்வொன்றிலும் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதியிருக்கிறோம்.

அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர்கள் கொண்டுவரும் ஹேர் டிரையரும் இதே கதைதான். அங்கே 120 வோல்ட், இங்கே 230. கன்வர்ஷன் பிளக் முள்ளைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. ‘இன்புட் 100-240’ என்று போட்டிருந்தால் மட்டும் சொருகுங்கள்.

பழைய ஒண்டுக்குடித்தன வீடுகளில் ஓர் அறைக்கு ஒரே பிளக் பாயிண்ட். அதில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு, 1,500 வாட் கெட்டிலையும் சொருகுவார்கள். 6 ஆம்பியர் சாக்கெட் தாங்குவது சுமார் 1,380 வாட்தான்.

எனக்கு மனசு பதறுவது, கசியும் கரண்ட்டைத் தரைக்குள் இறக்கிவிடும் எர்த் முள் விஷயத்தில். மூன்று முள்ளில் அது மட்டும் நீளமாக இருப்பது, முதலில் தொட்டுக் கடைசியில் விலகத்தான். அதைப் போய் வெட்டிவிட்டு இரண்டு முள் சாக்கெட்டில் சொருகுகிறார்கள். ஃபிரிட்ஜ் கதவைத் தொட்டால் சுரீர் என்கிறது; “லேசாத்தான் அடிக்குது” என்று ரப்பர் செருப்பு மாட்டிக்கொண்டு திறக்கிறார்கள். ஈரக் கையோடு குழந்தை வந்து திறக்க எத்தனை நேரம் ஆகும்? அன்றைக்கே எர்த்தைச் சரிபாருங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு சுவிட்ச் ஒன்றையும் போடச் சொல்லுங்கள்.

காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் உப்புக்காற்று வேறு. பித்தளை முள்ளில் பச்சை பூக்கும், பிடிப்பு தளரும், அந்த இடம் சூடாகும். சாக்கெட் ஓட்டையைச் சுற்றிப் பழுப்பேறியிருந்தால் சுரண்டிப் பயன்படுத்தாமல் சாக்கெட்டையே மாற்றுங்கள்.

மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வந்து வடிந்த பிறகு, சுவர் காய்ந்துவிட்டதே என்று சுவிட்சைப் போடாதீர்கள். மெயினை அணைத்தே வைத்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அவர் கழற்றிப் பார்க்கும்போது சுவிட்ச் பெட்டிக்குள் இன்னும் சேறு ஈரமாக இருக்கும்.