சவுக்கு மரத்தூளிலிருந்து லிக்னினைப் பிரித்து ஆராயும் முறை

மரத்தின் செல்சுவரில் செல்லுலோஸ் இழைகளுக்கு இடையே நிறைந்து, மரத்துக்கு விறைப்பைத் தரும் பொருளே லிக்னின். மரம் எனப் பொருள்படும் 'லிக்னம்' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து 1813-இல் தாவரவியலாளர் டி காண்டோல் இப்பெயரை அமைத்தார். இதைப் பிரிக்க முனைபவர், தமக்கு வேண்டியது லிக்னினின் அளவா அமைப்பா என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். அளவைச் சரியாகத் தரும் முறை அமைப்பைக் குலைத்துவிடும். அமைப்பைக் காக்கும் முறையில் லிக்னினின் ஒரு பகுதிதான் வெளியே வரும். ஆகவே ஒரே மரத்தூளை இரண்டு பங்காக்கி, ஒவ்வொன்றையும் ஒரு வழியில் கொண்டுசெல்வதே நல்லது.

தமிழ்நாட்டில் எளிதில் கிடைப்பதும், காகிதக் கூழுக்குப் பயன்படுவதுமான சவுக்கை இங்கு எடுத்துக்கொள்வோம். ஊசி போன்ற அதன் தழையைப் பார்த்து அதைப் பைன் இனத்தோடு சேர்த்துவிடுவோர் உண்டு. உண்மையில் அந்த ஊசிகள் கணுக்களுள்ள மெல்லிய பசுங்கிளைகளே. சவுக்கு பூக்கும் தாவரம், வன்மர வகையைச் சேர்ந்தது. பைன் போன்ற மென்மரங்களின் லிக்னின் பெரும்பாலும் குவையசில் எனப்படும் கட்டுமான அலகுகளால் ஆனது. வன்மரங்களில் அவற்றோடு சிரிஞ்சில் என்ற மற்றொரு வகை அலகுகளும் கணிசமாகக் கலந்திருக்கும். இந்த வேறுபாடு பின்னால் சோதனைக் குழாயிலேயே நிறமாக வெளிப்படும்.

கட்டையின் பட்டையை ஒரு துணுக்கும் விடாமல் சீவி எடுக்க வேண்டும். சவுக்குப் பட்டையில் டானின் மிகுதி. தோல் பதனிடவும் சாயமேற்றவும் அது பயன்பட்டதற்குக் காரணமே இதுதான். அமிலத்தில் அந்த டானின் ஒன்றோடொன்று பிணைந்து, கரையாத கசடாகி, லிக்னினோடு சேர்ந்து எடை காட்டும். பட்டை நீக்கிய மரத்தை அரைத்து, 0.4 மி.மீ. சல்லடையில் சலித்து, கரைப்பானை ஆவியாக்கிக் குளிர்வித்து மீண்டும் மீண்டும் தூளின் மேல் ஓடவிடும் சாக்ஸ்லெட் கருவியில் ஒரு பங்கு எத்தனாலும் இரண்டு பங்கு டொலுயீனும் கலந்த கரைப்பானால் 6 முதல் 8 மணி நேரம் வடித்தெடுக்க வேண்டும். அதன்பின் தனி எத்தனாலாலும், இறுதியில் வெந்நீராலும் கழுவி, தூளை அடுப்பில் சுடாமல் காற்றில் உலர்த்த வேண்டும். பிசினும் மெழுகும் பீனால் சேர்மங்களும் இவ்வாறு நீங்கும். நான் முதன்முறை இந்தப் படியை வீண்வேலை என்று கருதித் தாண்டிச் சென்றேன். கிடைத்த 31 விழுக்காட்டைப் பெருமையோடு குறித்தும் வைத்தேன். வன்மரங்களில் லிக்னின் பொதுவாக 18 முதல் 25 விழுக்காடு வரைதான் இருக்கும் என்பதைப் பிறகு படித்தபோதுதான், நான் பிசினையும் சேர்த்து எடைபோட்டிருந்தது புரிந்தது.

அளவை அறிய, சுவீடன் வேதியியலாளர் கிளாசனின் பெயரால் வழங்கும் முறையே இன்றும் அடிப்படை. செல்லுலோஸ் போன்ற சர்க்கரைச் சங்கிலிகளை அமிலம் அறுத்துக் கரைத்துவிட, கரையாமல் எஞ்சுவதை எடைபோடுவதே அதன் சாரம். அடர் கந்தக அமிலத்தைப் பனிக்கட்டியில் அமர்த்திய நீருக்குள் சிறிது சிறிதாக விட்டு 72 விழுக்காடு அமிலத்தைத் தயாரிக்க வேண்டும். அமிலத்துக்குள் நீரை ஊற்றினால் அது கொதித்துத் தெறிக்கும். காப்புக் கண்ணாடியும் கையுறையும் அணிந்து, புகையுறிஞ்சும் கூண்டுக்குள்ளேயே இதைச் செய்ய வேண்டும். 300 மி.கி. தூளைச் சோதனைக் குழாயில் இட்டு, 3 மி.லி. அமிலம் சேர்த்து, 30 டிகிரி செல்சியஸ் நீர்த்தொட்டியில் ஒரு மணி நேரம் வைத்து, ஐந்து பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை கண்ணாடிக் கோலால் கலக்க வேண்டும். தூள் முதலில் கட்டிகட்டியாக நிற்கும். பின்னர் குழைந்து, கரும்பழுப்புக் களியாக மாறும். அடியில் நனையாத வெளிர் தூள் இருந்தால் அதிலுள்ள செல்லுலோஸ் கரையாமல் தங்கி விடையைக் கூட்டிவிடும் என்பதால், குழாயின் அடியைக் கோல் தொடுகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிறகு 84 மி.லி. காய்ச்சி வடித்த நீரைச் சேர்த்தால் அமிலம் 4 விழுக்காடாகக் குறையும். இக்கலவையை மூடிய குப்பியில் இட்டு, ஆட்டோகிளேவ் என்ற அழுத்த நீராவிக் கலனில் 121 டிகிரியில் ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். ஆறியதும், எடை தெரிந்த வடிகட்டும் புடக்குகையில் உறிஞ்சி வடிகட்டி, வடிநீரில் சிறிது எடுத்துவைத்துக்கொண்டு, கசடை வெந்நீரால் அமிலம் முற்றும் நீங்கும்வரை கழுவ வேண்டும். அமிலம் மிஞ்சினால் உலரும்போது அது அடர்ந்து கசடைக் கருக்கிவிடும். 105 டிகிரியில் எடை மாறாத நிலைவரை உலர்த்தி நிறுத்தபின், 575 டிகிரி உலையில் எரித்து, எஞ்சும் சாம்பலின் எடையைக் கழிக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு: தூளின் ஈரம் 8 விழுக்காடு எனில் 300 மி.கி.யில் உலர் எடை 276 மி.கி. கசடு 70 மி.கி., சாம்பல் 1.5 மி.கி. என்றால் லிக்னின் 68.5 மி.கி., அதாவது 24.8 விழுக்காடு. இது வடித்தெடுத்த தூளின் கணக்கு. முதலில் 5 விழுக்காடு பொருள் கரைந்து போயிருந்தால், மூல மரத்தின் கணக்கில் இது 23.6 ஆகும். வன்மரங்களில் இன்னும் சில விழுக்காடு லிக்னின் அமிலத்திலேயே கரைந்திருக்கும். எடுத்துவைத்த வடிநீரை ஆறு மணி நேரத்துக்குள், அதே செறிவுள்ள அமிலத்தை ஒப்பீடாக வைத்து, 205 நானோமீட்டர் புற ஊதா ஒளியை அது உறிஞ்சும் அளவிலிருந்து கணக்கிட்டு அதையும் கூட்ட வேண்டும்.

புடக்குகையில் கிடைத்த கசடை அமைப்பாய்வுக்கு அனுப்புவதில் பயனில்லை. அடர் அமிலத்தில் அதன் அலகுகள் ஒன்றோடொன்று ஒடுங்கிப் பிணைந்துவிட்டன. இரண்டாம் பங்குக்கு 1956-இல் பியோர்க்மன் என்ற ஆய்வாளர் வகுத்த வழியே ஏற்றது. தூளைப் பந்து ஆலையில் பல நாள் நுண்மையாக அரைத்து, 96 பங்கு டையாக்சேனும் 4 பங்கு நீரும் கலந்த கரைப்பானில் 24 மணி நேரம் வீதம் இருமுறை ஊறவைத்து, கரைப்பானைக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்க வேண்டும். டையாக்சேன் நஞ்சு, நாட்பட்ட புட்டியில் வெடிக்கும் தன்மையுள்ள பெராக்சைடு சேரும் என்பதால், ஆவியாக்குமுன் அதைச் சோதித்தாக வேண்டும். எஞ்சிய பொருளை 90 விழுக்காடு அசிட்டிக் அமிலத்தில் கரைத்து, நீரில் சொட்டுச் சொட்டாக விட்டால் வெளிர்நிற லிக்னின் வீழ்படியும்.

இதற்கிடையே மெல்லிய மரச்சீவல் ஒன்றை 1 விழுக்காடு பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் ஐந்து நிமிடம் வைத்து, கழுவி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அதன் கருமை நீங்கச் செய்து, அம்மோனியாவில் நனைத்துப் பார்க்கலாம். சவுக்குச் சீவல் உரோசாச் சிவப்பாகும். பைன் சீவல் பழுப்பாகவே நிற்கும். சிரிஞ்சில் அலகுகளைக் கண்ணால் காண இதைவிட எளிய வழி இல்லை.

உலர்ந்த லிக்னினைப் பொட்டாசியம் புரோமைடு வில்லையாக்கி அகச்சிவப்பு நிறமாலை எடுத்தால், 1595, 1510 அலையெண்களுக்கு (செ.மீ.⁻¹) அருகில் நறுமண வளையங்களும், 1325-இல் சிரிஞ்சிலும், 1270-இல் குவையசிலும் தென்படும். 1735-க்கு அருகில் வலுவான முகடு நின்றால், அசிட்டைல் தொகுதிகளோடு, செல்சுவரின் மற்றொரு சர்க்கரைச் சங்கிலியான ஹெமிசெல்லுலோஸ் ஒட்டிக்கொண்டிருக்கிறதா, கழுவப்படாத அசிட்டிக் அமிலம் தங்கியிருக்கிறதா என்று ஐயப்பட வேண்டும். லிக்னினை நீரால் நன்கு கழுவி உலர்த்தி மறுபடி நிறமாலை எடுக்க வேண்டும். முகடு அப்போதும் குறையாவிட்டால், அசிட்டிக் அமிலத்தில் கரைத்து வீழ்படிய வைக்கும் படியை மீண்டும் ஒருமுறை செய்ய வேண்டும்.